இரவில் சிட்ரிசின் போட்டால் காலையில் விமானம் ஓட்டலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரைச் சேர்ந்த நான் வெளிமாநிலத்தில் விமானிப் பயிற்சி பெறுகிறேன். மூக்கு ஒழுகலும் அடுக்குத் தும்மலும் அடிக்கடி வருகின்றன. இரவில் ஒரு சிட்ரிசின் அலர்ஜி மாத்திரை போட்டால் காலையில் சரியாகிவிடுகிறது. அதன்பின் பறக்கலாமா? மருத்துவத் தகுதிப் படிவத்தில் அலர்ஜியைச் சொல்லாதே என்று ஒரு ஏஜெண்ட் கூறுகிறார். அது சரியா?

பதில்: இரண்டுமே கூடாது. சிட்ரிசினின் அளவு உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும் என்பதால், இரவு 10 மணிக்குப் போட்ட 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதியளவு காலை 6 மணிக்கும் உங்கள் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும். அமெரிக்க விமானத் துறை சிட்ரிசின் எடுத்த விமானியை 48 மணி நேரமும், பழைய சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமினை எடுத்தவரை 5 நாளும் பறக்க விடுவதில்லை.

"எனக்குத் தூக்கம் வரவில்லையே" என்று மாணவர்கள் வாதிடுவார்கள். ஆனால் மந்தம் இருப்பது மந்தமானவருக்கே தெரியாது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில், கார் ஓட்டும் சிமுலேட்டரில் 40 பேரைச் சோதித்தபோது, டைபென்ஹைட்ரமின் என்ற அலர்ஜி மருந்தை எடுத்தவர்கள் மது அருந்திய நிலையைவிடவும் மோசமாக ஓட்டினார்கள். தூக்கமாக உணர்கிறோமா என்று அவர்கள் சொன்னதை வைத்து, யார் மோசமாக ஓட்டுவார் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை. ஃபெக்ஸோஃபெனடின் என்ற இன்னொரு அலர்ஜி மருந்தை எடுத்தபோது, மருந்தே இல்லாத போலி மாத்திரையை எடுத்ததற்கு நிகராகவே ஓட்டினார்கள்.

ஆகவே உங்களுக்கு உள்ள விதிவிலக்கு ஃபெக்ஸோஃபெனடின், அல்லது அளவு மீறாத லோராடடின் என்ற அலர்ஜி மருந்து. இதைச் சொன்னவுடன் கடைக்கு ஓடிவிடாதீர்கள், ஏனென்றால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மாண்டெலுகாஸ்ட் என்ற வேறொரு அலர்ஜி மருந்துடன், சிட்ரிசினின் நெருங்கிய வகையான லீவோசிட்ரிசின் சேர்ந்த மாத்திரையும், அதே மாண்டெலுகாஸ்டுடன் ஃபெக்ஸோஃபெனடின் சேர்ந்த மாத்திரையும் ஏறக்குறைய ஒரே பெயரில், கடைசியில் ஓரிரு எழுத்து மட்டும் மாறி விற்கப்படுகின்றன; அந்த எழுத்தைக் கவனிக்காமல் வாங்கினால் நீங்கள் விலக்க வேண்டிய மருந்தே கைக்கு வந்து சேரும். மாண்டெலுகாஸ்ட் சிலருக்கு மனநிலையையும் தூக்கத்தையும் பாதிக்கும் என்று 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடும் எச்சரிக்கை விடுத்திருப்பதால், ஃபெக்ஸோஃபெனடின் மட்டுமே உள்ள மாத்திரையை எழுதித் தருமாறு கேளுங்கள். முதல் முறை எடுக்கும்போது 2 நாள் தரையிலேயே இருந்து உடல் எப்படி ஏற்கிறது என்று பாருங்கள். தண்ணீருடன் மட்டும் விழுங்குங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் சாறுகள் இம்மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும்.

மாத்திரை அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுக்கும் 2 மாத்திரைகளை எந்த மருந்துக்கடையிலும் வாங்காதீர்கள். பெயரும் காலாவதித் தேதியும் மீதித் துண்டிலேயே தங்கிவிடும். "சளிக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் கிடைப்பது பாரசிட்டமாலும் குளோர்பெனிரமினும் சேர்ந்த கூட்டு மாத்திரையாகவே பெரும்பாலும் இருக்கும். இருமல் சிரப்பில் ஆல்கஹால் இருந்தால் மூச்சுச் சோதனையில் சிக்கலும் வரும். பல லட்சம் ரூபாய் கட்டணம் வாங்கும் பயிற்சிப் பள்ளிகள், எந்த மருந்து விமானிக்கு ஆகாது என்று ஒரே ஒரு தாளில் அச்சிட்டு மாணவர் கையில் கொடுக்க ஏன் தயங்குகின்றன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மருந்து சரியானதாக இருந்தாலும், மூக்கு அடைத்திருக்கும் நாளில் பறக்காதீர்கள். விமானம் இறங்கும்போது வெளியழுத்தம் கூடும். மூக்கிலிருந்து செவிக்குச் செல்லும் குழாய் வீங்கி அடைத்திருந்தால் செவிப்பறை உள்நோக்கி இழுக்கப்பட்டு, பொறுக்க முடியாத வலி வரும், பறை கிழியவும் கூடும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதும்போது இரண்டு காதுகளும் திறக்கவில்லை என்றால் அன்று பயிற்சி வேண்டாம்.

ஏஜெண்டின் பேச்சுக்கு வருகிறேன். சாதாரண மூக்கு அலர்ஜி கட்டுக்குள் இருந்தால் அதுவே உங்கள் தகுதியைப் பறித்துவிடாது. மறைத்துக் கையெழுத்திட்டது பின்னாளில் வெளிப்பட்டால் உரிமமே போகலாம். அப்போது அந்த ஏஜெண்ட் உங்கள் போனை எடுக்க மாட்டார். பரிசோதனைக்குத் தேதி கிடைக்காமல் மாணவர்களை அலைக்கழிக்கும் நடைமுறைதான் இத்தகையவர்களுக்குச் சோறு போடுகிறது. படிவத்தில் அலர்ஜியையும் எடுக்கும் மருந்தையும் உள்ளபடியே எழுதுங்கள்.

அடுத்த விடுமுறையில் புதுச்சேரி ஜிப்மரிலோ வேறு மருத்துவமனையிலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்ததும் முதலில் "நான் விமானம் ஓட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அது தூக்கம் தராது. ஆனால் முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும் என்பதால், பயிற்சிக்குத் திரும்பும் முன்பே தொடங்க வேண்டும். அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, தகுதிப் பரிசோதனை செய்யும் விமான மருத்துவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகே பறக்கத் தொடங்குங்கள்.