கசிவு தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும்: வீட்டு ஈரம் பற்றிய கேள்வி-பதில்

வீட்டில் தண்ணீர் கசிகிறது. என்ன செய்யலாம்?

எந்த அறை, கூரையா சுவரா, மழையில் மட்டுமா எப்போதுமா, எதையுமே எழுதவில்லை. இதை வைத்துக்கொண்டு நான் என்ன சொல்ல முடியும்? மழை விட்ட ஓரிரு நாளில் ஈரம் தலைகாட்டினால் மொட்டை மாடியையோ வெளிச்சுவரையோ பாருங்கள். நல்ல வெயிலிலும் காயவே இல்லை என்றால் குழாய் அல்லது குளியலறை. அதைக் கவனித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். ஒன்று மட்டும் இப்போதே சொல்கிறேன், கசிவு தெரியும் இடம் வேறு, தண்ணீர் நுழையும் இடம் வேறு.

சுவருக்குள் போகும் குழாய் ஒழுகுகிறதா என்று உடைக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு தண்ணீர் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் தொட வேண்டாம், அப்புறம் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ போகிறது. மேல்நிலைத் தொட்டி வீடென்றால் மீட்டருக்குத் தொட்டிக்குக் கீழே நடப்பது தெரியாது. அங்கே ராத்திரி தொட்டிக்கு நீர் ஏறும் வழியை அடைத்து, மட்டத்தைக் குறித்து, காலையில் பாருங்கள். கொத்தனாரைக் கூப்பிடும் முன் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் உணவுக் கலர் போட்டு 20 நிமிஷம் விடுங்கள். ஃப்ளஷ் பண்ணாமலே கோப்பையில் கலர் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது, சுவரை உடைக்க வேண்டியதே இல்லை.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. எந்த பெயிண்ட் அடிக்கலாம்?

எதையும் அடிக்காதீர்கள். மண்ணிலுள்ள ஈரம் செங்கலின் நுண்துளைகள் வழியாக ஏறுகிறது, ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை ஏறும். உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்டால் அடைத்தால் அது இன்னும் மேலே போய் வழி தேடும். வெளியே சுவரை ஒட்டி மண்ணோ பூச்செடிப் பாத்தியோ உயர்ந்திருக்கிறதா, மழைநீர் அங்கே தேங்குகிறதா, சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா, முதலில் இதைப் பாருங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். ஈரம் வரும் வழியை நிறுத்திய பிறகும் சுவர் காய வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில் ஆகும்.

குளியலறையைப் புதுப்பிக்கிறோம். வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் முடிந்தது. தண்ணீர் கட்டிப் பார்க்கலாமா என்றால், "பத்து வருஷம் கியாரண்டி இருக்கு, எதுக்குங்க?" என்கிறார் கான்ட்ராக்டர். நாளை டைல்ஸ் ஒட்டப்போகிறார்கள்.

நாளைய வேலையை நிறுத்துங்கள்! எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது. கியாரண்டி காகிதம் தண்ணீரைத் தடுக்காது. கோட்டிங் நன்றாக இறுகியதும் வடிகால் வாயை இறுக்கமாக அடைத்து, ஒன்றிலிருந்து இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48. கீழ்வீட்டுக் கூரையையும் போய்ப் பாருங்கள். அரை நூல், அதாவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர், குறைந்தால் அது ஆவியானது. கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் ஓட்டை.

நான் பார்த்த ஒரு வீட்டில் கோட்டிங் அழகாக, ஒரு குமிழி இல்லாமல் இருந்தது. சாயங்காலம் தண்ணீர் கட்டினோம், காலையில் பென்சில் கோட்டுக்குக் கீழே ஒரு அங்குலம் ஈரச்சுவர் தெரிகிறது. தேடித் தேடிப் பார்த்தால் டைல்ஸ்காரர் வாட்டம் பார்க்க நூல் கட்டுவதற்காக மூலையில் அடித்துப் பிடுங்கிய ஒரே ஒரு ஆணியின் துளை. அன்றைக்கு ஒரு கை கோட்டிங்கோடு முடிந்தது. டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் தரை முழுவதையும் பெயர்க்க வேண்டும். டைல்ஸும் அதன் இடைவெளியில் அடைக்கும் கிரவுட்டும் தண்ணீரைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள், தடுப்பது அடியில் இருக்கும் அந்தப் பூச்சுதான். சுவரிலும் அது ஒரு அடியாவது ஏறியிருக்க வேண்டும், ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. கான்ட்ராக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இரண்டு நாள் தாமதத்தில் யாரும் கெட்டுப்போவதில்லை.

ஏசியிலிருந்து அறைக்குள் சொட்டுகிறது.

பெரும்பாலும் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும். சுத்தம் செய்து, குழாய் வெளிப்பக்கம் சரிந்து போகிறதா என்று பாருங்கள். ஃபில்டரையும் கழுவுங்கள்.

அறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. கசிவா, வெறும் காற்றின் ஈரமா?

சுவரைத் துடைத்துவிட்டு ஒரு சாண் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு அடியில் ஈரம் என்றால் சுவரிலிருந்து வருகிறது. மேலே வேர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, கசிவு தெரியும் இடம் வேறு என்று நான் சொல்வது அங்கே பொருந்தாது.

இரண்டு வாரம் வெளியூர் போகிறோம். எதை மூடிவிட்டுப் போக வேண்டும்?

மெயின் வால்வு. வாஷிங் மெஷின் குழாயையும் தனியாக மூடுங்கள். அதன் ரப்பர் ஹோஸ் 5 வருஷம் தாண்டியிருந்தால், வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். கிளம்பும் அன்று முதல் முறையாக வால்வைத் திருகாதீர்கள், பல வருஷம் தொடாத வால்வு இறுகியிருக்கும். இன்றைக்கே திருகிப் பாருங்கள், வீட்டில் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.