பழைய வால்வு அம்பிளிபயருக்கு மின்சாரம் கொடுக்குமுன்

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற, ஈஎல் 34 வால்வுகள் கொண்ட அம்பிளிபயர் பல்லாண்டுகளாகப் பரணில் கிடக்கிறது. அப்படியே மின்சாரத்தில் இணைக்கலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: தயவுசெய்து வேண்டாம். மலையகத்தின் ஈரலிப்பில் பழைய காகிதக் கொள்ளளவிகள் (மின்னேற்றத்தைத் தேக்கும் பாகங்கள்) மின்னைக் கசியவிடத் தொடங்கியிருக்கும். அக்கசிவு வெளியீட்டு வால்வின் கிரிட்டை (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி வலையை) நேர் மின்னழுத்தத்துக்கு இழுத்துவிட்டால், ஆனோட்டுத் தகடு சிவந்து, வால்வு மட்டுமன்றி, மாற்று கிடைப்பதற்கு அரிதான வெளியீட்டு டிரான்ஸ்போமரும் எரிந்துபோகலாம். எனவே அந்தக் காகிதக் கொள்ளளவிகளையும் மின்வழங்கியின் எலக்ட்ரோலிட்டிக் கொள்ளளவிகளையும் முதலில் மாற்றுங்கள்.

பின்னர் எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு, 60 வாட் இழைபல்பு ஒன்றைத் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுங்கள். பல்பு முழுப் பிரகாசத்துடன் எரிந்தால், பெரும்பாலும் மின்வழங்கி டிரான்ஸ்போமரில்தான் பழுது. ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் இயக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பின்னரும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதால், அனுபவமுள்ள ரேடியோ திருத்துநர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டே தொடுங்கள்.