வான், துருசு, மதகு: தண்ணீர்ச் சொற்கள், கேள்வி பதில்

நான் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். தண்ணீரை மறிக்கிற, திறக்கிற கட்டுகளுக்கு உள்ள சொற்களைப் பற்றிக் கேளுங்கள். சீமெந்து எவ்வளவு, கம்பி எவ்வளவு என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சுன்னாகத்திலிருந்து: கிளிநொச்சியில் உள்ள இரணைமடுக் குளத்தின் ‘வான் கதவுகள்’ திறக்கப்பட்டன என்று செய்தியில் வருகிறது. வானத்துக்கும் குளத்துக்கும் என்ன தொடர்பு சேர்?

வானத்தை விடுங்கள். குளம் நிரம்பியபின் மிஞ்சுகிற தண்ணீர் குளக்கட்டை உடைக்காமல் வெளியேற விட்ட வழிக்குத்தான் வன்னியில் வான் என்று பெயர். சின்னக் குளங்களில் அதற்குக் கதவே இராது. கட்டைவிடத் தாழ்வாக ஓரிடத்தைக் கல்லாலோ கொங்கிரீட்டாலோ கட்டி விட்டிருப்பார்கள், தண்ணீர் தானாக வழியும். ‘குளம் வான் பாயுது’ என்றால் பார்க்கச் சனம் போகும். இரணைமடு போலப் பெரிய குளத்தில் கதவு இருப்பதால் யாராவது முடிவெடுத்துத் திறக்கவேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது அதை எப்போது திறந்தார்கள் என்பதே பெரிய பேச்சாயிற்று. தமிழ்நாட்டில் இதையே கலிங்கு என்பார்கள், தெற்கே போனால் மறுகால்.

துருசு வேறு. அது கட்டின் அடியில் வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாய். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள், பத்திரிகைக்காரரும் குழப்புகிறார்கள்.

நல்லூரிலிருந்து: துருசு என்றால் மயில்துத்தம் என்கிற செப்பு உப்பு அல்லவா?

அதுவும்தான். சித்த வைத்தியரிடம் கேட்டால் அது, வன்னிக் கமக்காரரிடம் கேட்டால் இது.

மானிப்பாயிலிருந்து: வெள்ளத்தில் உயிரைக் கொடுத்து மடை திறந்தவனைத்தான் மடையன் என்றார்களாமே?

இல்லை. திட்டுகிற மடையன் மடமையிலிருந்து வந்தவன். மடை என்பதற்குச் சோறு, சமையல் என்றும் பொருள் உண்டு. கோயிலில் மடை பரவுகிறோம், மடைப்பள்ளியில் சமைக்கிறோம். அந்த வழியில் வந்த மடையன் சமையற்காரன். வாட்ஸ்அப்பில் வருகிற சொல்விளக்கத்தில் கண்ணீர் வரவைக்கிற கதை இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

கொடிகாமத்திலிருந்து: தொண்டைமானாற்றில் இருப்பது அணைக்கட்டா?

செல்வச்சந்நிதி கோயிலுக்குப் போகிறபோது காண்கிறீர்களே, அதுதானே? உவர்நீர்த் தடுப்பணை என்பதுதான் பொருத்தம், வாயில் ‘பரேஜ்’ என்றுதான் வரும். சாதாரண அணைக்கு ஒரு பக்கத்துத் தண்ணீரைத் தேக்குகிற வேலை. இதற்கு இரண்டு பக்கமும் கண் வேண்டும். கோடையில் கடல்நீர் உள்ளே ஏறக்கூடாது, மாரியில் வெள்ளம் வெளியே போகவேண்டும். வழுக்கையாறு முடிகிற அராலியில் உள்ளதும் அதே இனம்.

சென்னையிலிருந்து: ஐயா, மதகு என்றால் ஏரியில் தண்ணீர் திறக்கும் அமைப்பு. யாழ்ப்பாணத்தார் வீதிக்குக் கீழே உள்ள சிறு பாலத்தை மதகு என்பது பிழை.

பிழை என்று யார் தீர்ப்புச் சொன்னது? எங்கள் குடாநாட்டில் பேருக்கு ஓர் ஆறு, அதுவும் மாரியில் மட்டும். பெரிய ஏரியும் இல்லை. இருந்த சொல் வீதிக்கு வந்திருக்கலாம் என்பது என் ஊகம். மழை வெள்ளத்துக்கு வீதியும் ஒரு கட்டுத்தானே? கட்டுக்கு அடியால் தண்ணீர் தாண்டுகிற வாய்தான் மதகு. உங்களுடைய மதகுக்குக் கதவு உண்டு, எங்களுடையதற்கு இல்லை, அவ்வளவுதான்.

வதிரியிலிருந்து: மதகு இல்லை சேர், மதவு. நாங்கள் வளர்ந்ததே மதவடியில்.

உண்மை. பின்னேரம் மதவுக்கட்டில் குந்தியிருந்து ஊர்க்கதை கதைக்காத பெடியன் இங்கே இல்லை. எழுதும்போது மதகு, பேசும்போது மதவு.

சென்னையிலிருந்து மறுபடியும்: அப்படியானால் வீதிக்குக் கீழே உள்ள அந்தச் சிறு பாலத்துக்கு, அதாவது கல்வெர்ட்டுக்கு, நல்ல தமிழ்ச்சொல் வேண்டாமா?

இருக்கிறதே! மதகு. சென்னைக்காரர் கலிங்கு என்றால் நாங்கள் திருத்தினோமா? அங்கேயே ஒரு மாவட்டத்தில் கலிங்கு, அடுத்ததில் மறுகால். அதை முதலில் ஒன்றாக்கிவிட்டு வாருங்கள்.

கோப்பாயிலிருந்து: மடையன் என்றால்…

மேலே பாருங்கள்.

பரந்தனிலிருந்து: எங்கள் சின்னக் குளத்தின் துருசுக் கதவு இறுகிவிட்டது. என்ன செய்யலாம்?

கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். மாரிக்கு முதல் போங்கள்.

உரும்பிராயிலிருந்து: தோட்டத்தில் ‘தண்ணி மாறுவது’ என்கிறோமே, அந்த வாய்க்கால் அடைப்புக்குப் பெயர் உண்டா?

நல்ல கேள்வி, எரிச்சல் போயிற்று. கிணற்றில் துலா மிதித்து இறைத்த காலத்திலும் மெஷின் வந்தபின்னும் வேலை ஒன்றுதான். ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை மண்வெட்டியால் அடைத்து அடுத்ததை வெட்டிவிடுவது. அந்த ஒரு வெட்டு மண்தான் அணை, அதுதான் கதவு. என் அப்பு அதை ‘மடை’ என்றார்.

சென்னைக்காரர் இதற்கும் எழுதுவார்.