ஏற்காடு ஏறினால் கார் கொதிக்கிறது

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் என் பழைய காரின் வெப்பநிலை முள் சிவப்பைத் தொடுகிறது. நெடுஞ்சாலையில் ஒரு தொல்லையும் இல்லை. பெரிய ரேடியேட்டர் போட்டுவிடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: அவசரப்படாதீர்கள். நெடுஞ்சாலையில் சூடாகவில்லை என்றீர்களே, அதுதான் துப்பு. அங்கே 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் பாய்கிறது, ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சின்ன கியரில் ஊர்ந்து ஏறும்போது அந்தக் காற்று கிடையாது, எல்லாம் ஃபேனின் கையில்தான்.

ஏசியைப் போட்டு ஃபேன் சுற்றும்போது முன்பக்கக் கிரில்லில் ஒரு தாளை வையுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளிவிட்டால் மோட்டார் ஒயர் மாறி ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடும் இருக்கிறதா பாருங்கள், பழுது பார்க்கும்போது கழற்றியதைச் சிலர் திரும்ப மாட்டுவதே இல்லை, அது இல்லாவிட்டால் ஃபேன் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில்தான் காற்றை இழுக்கும், மூலைகள் வீண்.

அப்புறம் அழுக்கு. ஏசியின் சூட்டை வெளியேற்ற ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சியும் தூசியும் மெத்தை மாதிரி படிந்திருக்கும், வெளியே தெரியாது. எஞ்சின் ஆறிய பிறகு, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகச் சாதாரணக் குழாய்த் தண்ணீரை அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் வேண்டவே வேண்டாம், மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஓரங்களில் ஸ்பாஞ்ச் பட்டை விழுந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள், இல்லையென்றால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். கிரில்லை மறைக்கும் கூடுதல் விளக்குகளையும் எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் முள் ஏறினால் எஞ்சின் சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைச் சோதியுங்கள். வழியில் சூடானால் ஏசியை அணைத்து ஓரங்கட்டுங்கள், ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறந்துவிடாதீர்கள்.