அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் வரியையும் குறைப்போம், அரசுச் செலவையும் வெட்டுவோம் என்கிறார்களே, இது நடக்கிற காரியமா?

வரிக் குறைப்பு நடக்கும். செலவுக் குறைப்பு, அவர்கள் சொல்கிற அளவுக்கு நடக்காது. இதை வைத்து எனக்கும் என் மச்சானுக்கும் 2024-லிருந்து வழக்கு ஓடுகிறது.

டிரம்ப்பும் கமலா ஹாரிஸும் ஃபிலடெல்ஃபியாவில் விவாதித்தபோது சிங்கப்பூரில் காலை 9 மணி. மச்சான் லீவு போட்டுவிட்டுப் பார்த்தார். சாயங்காலம் தேக்காவில் தே தாரிக்கோடு தொடங்கிய பேச்சு தீபாவளி வரை நீண்டது. அந்தத் தீபாவளி வாரம்தான் டிரம்ப்பை ஆதரித்த தொழிலதிபர் எலான் மஸ்க், நியூயார்க்கில் டிரம்ப்பின் பிரசார மேடையில் குறைந்தது 2 டிரில்லியன் டாலர் செலவை வெட்டலாம் என்றார். "பாத்தியா, மனசு வச்சா முடியும்" என்றார் மச்சான்.

நான் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். செலவைக் குறைக்கணும் என்று யார் சொன்னாலும் பெரிய தலைப்பு எது என்றுதான் முதலில் பார்ப்பேன். அதனால் பலகாரம் வாங்கிய ரசீதைத் திருப்பிப்போட்டு எழுதிக் காட்டினேன். 2024 நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசின் செலவு சுமார் 6.75 டிரில்லியன். டிரில்லியன் என்றால் லட்சம் கோடி. வரவு 4.9. மீதி கடன். செலவில் முதியோர் ஓய்வூதியம் ஏறத்தாழ 1.5. முதியோருக்கும் ஏழைகளுக்குமான மருத்துவம் இன்னொரு 1.5. ராணுவம் 0.85. பழைய கடனுக்கு வட்டி மட்டும் 0.88, அதாவது ராணுவத்தைவிட அதிகம். இந்த நான்கையும் கழித்தால் மிஞ்சுவது 2 டிரில்லியன் சொச்சம். படைவீரர் நலன், உணவு உதவி, கல்வி, சாலை, நீதிமன்றம் எல்லாம் அதற்குள்தான். வட்டியைக் கட்டாமல் இருக்க முடியாது. ஓய்வூதியத்தில் கைவைக்க மாட்டோம் என்று இரண்டு வேட்பாளர்களும் சொல்லிவிட்டார்கள். அப்புறம் 2 டிரில்லியனை எங்கிருந்து எடுப்பது?

டிரம்ப் ஜெயித்த பிறகு நடந்ததும் அதுதான். 2025-ல் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நிதியாண்டின் மொத்தச் செலவோ 7 டிரில்லியனைத் தொட்டது. 2017-ல் கொண்டுவந்த வரிச் சலுகைகளில் முடியவிருந்தவற்றை 2025 ஜூலையில் நீட்டித்தும் விட்டார்கள்.

ஹாரிஸையும் விட்டுவிட முடியாது. கம்பெனி வரியை 21 சதவீதத்திலிருந்து 28-க்கு உயர்த்துவேன் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது நேர்மை. ஆனால் டிப்ஸுக்கு வரி வேண்டாம் என்று டிரம்ப் சொன்னதும் அவரும் அதையே சொன்னார். ஓய்வூதியத்துக்கு வரி கிடையாது என்ற டிரம்ப்பின் வாக்குறுதி எனக்கு இன்னும் பெரிய வருத்தம். அந்த வரிப்பணம் அந்த ஓய்வூதிய நிதிக்கும் முதியோர் மருத்துவ நிதிக்குமே திரும்பிப் போகிறது. அதை நிறுத்தினால் இரண்டு நிதியும் சீக்கிரம் கரையும்.

நம் சிங்கப்பூரில் அதிபர் தேர்தலில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. வரி போடுவது அரசாங்கமும் நாடாளுமன்றமும். சேர்த்துவைத்த இருப்பிலிருந்து எடுக்கத்தான் அதிபரின் சம்மதம் வேண்டும். 2020-ல் கொவிட் நேரத்தில் 52 பில்லியன் வெள்ளி வரை எடுக்க அன்றைய அதிபர் ஹலிமா யாக்கோப் ஒப்புதல் தந்தது அப்படித்தான். ஜிஎஸ்டியை 7-லிருந்து 9 சதவீதமாக்கப் போகிறோம், மருத்துவச் செலவு ஏறுகிறது என்று அரசாங்கம் 2018-லேயே அறிவித்தது. 2020 பொதுத் தேர்தலில் அதைத் தெரிந்துகொண்டுதான் ஓட்டுப் போட்டோம். உயர்ந்தபோது எங்கள் வீட்டிலும் வலித்தது. ஆனாலும் எதற்கு எவ்வளவு என்று தேர்தலுக்கு முன்பே சொல்வதை நான் மதிக்கிறேன்.

ரசீதில் நான் எழுதிக் காட்டிய அன்று, மச்சான் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அத்தையின் பாலிகிளினிக் (அரசாங்க மருந்தகம்) பில் காந்தத்தில் தொங்கியது. அவர் முன்னோடித் தலைமுறை, அதாவது அரசாங்கம் கூடுதல் சலுகை தரும் மூத்த தலைமுறை. மருந்து, பரிசோதனை என்று ஒவ்வொரு செலவுக்குக் கீழேயும் அரசாங்கக் கழிவு, அதற்குக் கீழே முன்னோடிகளுக்கான கூடுதல் கழிவு, கடைசியில் கட்டவேண்டிய சிறு தொகை. பில்லை எடுத்து ரசீதுக்குப் பக்கத்தில் வைத்தேன். "அமெரிக்காவுல மருத்துவம்னு எழுதினேனே மச்சான், அந்த 1.5 டிரில்லியன், அது இந்த மாதிரி பில்லுதான்" என்றேன். அவர் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, அப்ப ராணுவத்துல எவ்வளவு வெட்டலாம், சொல்லு" என்றார். அங்கிருந்து மறுபடியும் ஆரம்பித்தோம்.