ரேகை விழாத விரலுக்கு அரிசி உண்டா?

கேள்வி: எனக்கு வயது 73. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா ரேஷன் அட்டை, மாதம் 35 கிலோ அரிசி. பனையோலைக் கொட்டான் (கூடை) முடைந்தே விரல் தேய்ந்து, கடை மெஷினில் ரேகை விழவில்லை. அட்டையில் இருக்கும் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். ரேகை வைக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்கிறார்களே?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். பனையோலை ஈர்க்கு அறுத்து அறுத்து, பெருவிரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழப்பாகிப்போன பெண்களை நம் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அது உழைத்த கை. அதற்காக அரிசியை மறுப்பது அநியாயம்.

ரேகையை ஆதாரோடு ஒப்பிடும் இந்தச் சரிபார்ப்பு (இ-கேஒய்சி), முன்னுரிமை (PHH), அந்த்யோதயா ஆகிய இருவகை அட்டைகளில் பெயருள்ள எல்லோருக்கும் உண்டு. மகன் இதற்காக ஊருக்கு வர வேண்டாம். ஆதார் அட்டையோடு திருப்பூரிலேயே ஒரு ரேஷன் கடையில் ரேகை வைக்கலாம். நீங்கள் கருவிழிப் பதிவு கேளுங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துப் பாருங்கள்.

அப்புறம், கடைக்கு நடக்க முடியாத நாளுக்கும் வழி இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரை உங்களுக்காகப் பொருள் வாங்க நியமிக்கலாம். அங்கீகாரப் படிவத்தைக் கடையிலேயே கேளுங்கள். தனியே வாழும் முதியவர்களுக்கு வீட்டுக்கே பொருள் தரும் தாயுமானவர் திட்டமும் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. மகன் பெயர் அட்டையில் இருப்பதால் உங்களுக்குப் பொருந்துமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரேகை விழவில்லை என்று வெறுங்கையோடு அனுப்பினால் சும்மா திரும்பாதீர்கள். 1967க்கு போன் போட்டு, புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.