5 மீட்டர் தொலைவில் டெராஹெர்ட்ஸ் படம்: தகட்டை எங்கே வைப்பது?

கேள்வி: எங்களிடம் 300 கிகாஹெர்ட்ஸ் (0.3 டெராஹெர்ட்ஸ்) அலைமூலமும் ஒரே ஓர் உணரியும் உள்ளன. 5 மீட்டர் தள்ளி, அட்டைப்பெட்டிக்குள் உள்ள உலோகப் பொருளைப் படமெடுக்க வேண்டும். 2 மி.மீ. சதுரங்களில் சிலவற்றில் அலையை விட்டு, மற்றவற்றில் மறைக்கும் கோலத் தகட்டை மூலத்தின் முன் வைத்தோம்; கோலத்தை மாற்றி மாற்றி அளந்து, கணக்கால் படத்தை மீட்கிறோம். மங்கல்தான் வருகிறது. ஏன்?

பதில்: தகடு இருக்கும் இடம் தவறு. 300 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1 மி.மீ. ஆகும். தகட்டுச் சதுரத்தின் பக்கத்தை வர்க்கமாக்கி அலைநீளத்தால் வகுத்தால் 4 மி.மீ. வரும். கோலம் கலையாமல் செல்வது ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். உங்கள் கணக்கோ, கோலம் அப்படியே பொருள்மேல் விழுவதாக எண்ணிக்கொள்கிறது.

தகட்டை, பொருளிலிருந்து திரும்பும் அலையை வாங்கும் உணரியின் பக்கத்துக்கு மாற்றுங்கள். 30 செ.மீ. விட்டம், 60 செ.மீ. குவியத் தூரம் உள்ள குழியாடி, பொருளின் பிம்பத்தை ஆடியிலிருந்து சுமார் 68 செ.மீ.-இல் விழச்செய்யும். தகடு அங்கேதான் நிற்கவேண்டும். இந்த ஆடியால் பொருளில் 2 செ.மீ. இடைவெளியைத்தான் பிரித்தறிய முடியும். பிம்பத்தில் அது 2.7 மி.மீ. ஆகிறது; தகட்டின் சதுரமும் ஏறக்குறைய அதே அளவு போதும், மிகவும் சிறிதாக்கிப் பயனில்லை. கணக்கால் படத்தை மீட்கும் முறை அளவீடுகளைக் குறைக்குமே தவிர, ஆடியின் விட்டத்தை ஈடுகட்டாது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 25 மீட்டரில் சுமார் 1 செ.மீ. நுணுக்கத்தை எட்டியது 675 கிகாஹெர்ட்ஸும் 1 மீட்டர் ஆடியும் கொண்டுதான். அதிர்வெண்ணை உயர்த்தினால் 557 கிகாஹெர்ட்ஸைத் தவிருங்கள், காற்றிலுள்ள நீராவி அலையை விழுங்கிவிடும்.

தகட்டுக்குச் செப்பு அச்சிட்ட மெல்லிய பாலிமைடு (வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்) தாள் நல்லது. தடித்த சர்க்யூட் பலகை அலையை உறிஞ்சும். 31×33 சுழல் எஸ்-அணிக் கோலத்தை (0, 1 மட்டுமே கொண்ட, ஒரே வரிசையைச் சுழற்றிச் சுழற்றி எல்லாக் கோலங்களும் பெறும் அணி) 61×65 சதுரங்களாக நீட்டி அச்சிட்டு, 31×33 சாளரத்தின் பின்னால் ஒவ்வொரு சதுரமாக நகர்த்தினால், ஒரே தாளில் 1,023 கோலங்களும் கிடைக்கும்.

ஹார்ன் (புனல் வடிவ அலைவாங்கி) பொருத்திய உணரி கூட்டுவது அலைப்புலத்தை, திறனை அல்ல. திறனை மட்டும் பதிந்தால் சமன்பாடு நேரியலாக இராது. வீச்சு, ஃபேஸ் (அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) இரண்டையும் பதிந்து சிக்கலெண்ணாகவே அணியை நேர்மாறாக்குங்கள். கோலத்துக்குக் கோலம் அளவு சில சதவீதமே மாறும் என்பதால், மூலம் 1 சதவீதம் அலைந்தாலும் படம் கெடும். மைலார் (மெல்லிய பாலியெஸ்டர்) தாளால் கற்றையில் சிறு பங்கைப் பிரித்து இரண்டாம் உணரியில் பதிந்து வகுத்துவிடுங்கள். தகட்டுக்கும் ஹார்னுக்கும் நடுவே அலை முன்னும் பின்னும் எதிரொலித்து எழும் நிலையலையைக் குறைக்கத் தகட்டை 10 பாகை சாய்ப்பது உதவும்.

எடுத்த எடுப்பில் மூன்றிலொரு பங்கு அளவீட்டோடு அமுக்க உணர்தலுக்கு (குறைந்த அளவீடுகளிலிருந்து முழுப் படத்தையும் ஊகித்து மீட்கும் முறை) போகாதீர்கள். 1,023-ஐயும் எடுத்து நேரடியாக மீட்டுப் பாருங்கள். தவறான கணித மாதிரியிலிருந்தும் அமுக்க உணர்தல் நிரல் அழகான படத்தை உண்டாக்கிவிடும். பிழை கண்ணில் படாது. பெட்டியைப் படமெடுக்கும் முன், ஒரு சிறு மூலைப் பிரதிபலிப்பானை (அலையை வந்த திசையிலேயே திருப்பும் மூன்று செங்குத்துத் தகடுகள்) காட்சியின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துச் சோதியுங்கள். ஐந்திடத்திலும் ஒற்றைப் புள்ளி வரவேண்டும்.

அதன் பிறகும் தட்டையான உலோகம் கறுப்பாகத் தெரிந்தால் கணக்கைக் குறை சொல்ல வேண்டாம். இந்த அலைநீளத்தில் அது முகக்கண்ணாடி போல அலையை வேறு பக்கம் திருப்பிவிடும். பெட்டியைச் சில பாகைகள் திருப்பி மீண்டும் எடுங்கள்.